பழைய விமானமும் புதிய வாரும்

கீழ்பென்னாத்தூரில் விமான நிலையம் கிடையாது. திருவண்ணாமலைக்குக் கிழக்கே செஞ்சி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய இவ்வூரின் ஜனங்களுக்கு நெல்லையும் மணிலாவையும் கவனிக்கவே பொழுது சரியாக இருக்கிறது. ஆகாய விமானம் என்பது, அண்ணாந்து பார்த்தால் வெகு உயரத்தில் வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டு போகும் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அப்படியிருக்க, இந்த வாரம் நாம் பழைய சிறு விமானங்களின் இருக்கை வார்களைப் பற்றி எழுதப் புகுந்ததைக் கண்டு நேயர்கள் சிலர் புன்னகை புரியலாம். புரியட்டும். ஆயினும் கடைசி வரையில் படித்துவிட்டு, இந்த விஷயத்துக்கும் தங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் வண்டிக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று அவர்களே தீர்மானித்துக் கொள்ள வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம்.

உலகெங்கும் பழைய விமானங்களைப் பேணிக் காப்பவர்கள் இருக்கிறார்கள். நம் தேசத்திலும் இருக்கிறார்கள். 1931-ஆம் வருஷத்தில் முதன்முதலாகப் பறந்த 'டைகர் மாத்' என்னும் இரண்டு அடுக்கு இறக்கை விமானத்தில்தான் ஒரு தலைமுறை இந்திய விமானிகள் பறக்கக் கற்றார்கள். அவ்வகை விமானம் ஒன்றை நமது விமானப் படை புதுப்பித்து, 2012-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் விமானப் படை தினத்தன்று ஹிண்டனில் பறக்கச் செய்தது. 1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாட்டா அவர்கள் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் 'பஸ் மாத்' விமானத்தை ஓட்டி வந்தார். ஐம்பது வருஷங்கள் கழித்து 1982-இல், எழுபத்தெட்டாவது வயதில், அதே வழியில் பழைய 'லெப்பர்ட் மாத்' விமானம் ஒன்றில் மறுபடியும் பறந்து வந்தார். பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் 1958-இல் பறக்கவிட்ட 'புஷ்பக்' என்னும் இருவர் விமானம், நமது விமானப் பயிற்சிச் சங்கங்கள் பலவற்றில் வெகு காலம் உழைத்தது. டாக்டர் காட்கே அவர்களின் தலைமையில் உருவான அதன் உடல் எஃகுக் குழாய்களைச் சேர்த்துச் செய்து, மேலே துணி போர்த்தியது.

இத்தகைய விமானங்களை வைத்திருப்பவருக்கு ஒரு நாள் ஒரு கேள்வி எழாமற் போகாது. அது வருமாறு: "என் விமானத்தில் அக்காலத்து வழக்கப்படி இடுப்பு வார் மட்டுமே இருக்கிறது. தோள் வாரும் சேர்க்க வேண்டுமா? சேர்த்தால் விமானத்தின் பழமை கெட்டுப் போகாதா?" பார்ப்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் இதற்குள் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது.

நமது பக்கத்து அன்பர்களுக்கு இதை விளக்கத் திருவண்ணாமலைத் தேரைக் காட்டிலும் நல்ல உதாரணம் வேண்டியதில்லை. கார்த்திகைப் பிரம்மோற்சவத்தின் ஏழாம் நாளன்று மகா ரதம் மாட வீதியில் புறப்படுகிறது. அதை இழுப்பதற்கு ஆயிரக்கணக்கான கைகள் இருக்கின்றன. ஆயினும், தேர்த் திருவிழாவைக் கூர்ந்து கவனித்தவர்களுக்கு, இழுப்பதைவிட நிறுத்துவதே பெரிய வித்தை என்பது தெரியும். முட்டுக்கட்டையுடன் சக்கரத்துக்கு அருகில் ஓடும் மனிதரே உண்மையில் தேரோட்டி. அவர் கட்டையைப் போட்டதும் சக்கரம் நிற்கிறது. ஆனால் தேரின் மேல் நிற்பவர்களின் உடல் நிற்பதில்லை. அவர்கள் முன்பக்கமாகச் சாய்ந்து, கைக்குக் கிடைத்த கயிற்றைப் பற்றிக்கொள்கிறார்கள். ஆமை வேகத்தில் ஊரும் தேருக்கே இந்தக் கதி என்றால், பறந்து வந்து தரையில் மோதும் விமானத்துக்குள் இருப்பவர் கதி என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறு விமானம் ஒன்று மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் தரையிறங்கும்போது தடுமாறி மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது வினாடிக்குச் சுமார் 22 மீட்டர் வேகம். 25 மீட்டர், அதாவது 82 அடி உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது இந்த வேகத்தைத்தான் அடைகிறது. அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் 217 அடி உயரம். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேறி அங்கிருந்து கீழே விழுவதற்கு இது சமம். ஆனால் விமானத்தின் மூக்கும் சக்கரங்களும் நசுங்கி மடங்கி, மூன்று மீட்டர் தூரத்துக்குள் அது நிற்குமானால், உள்ளே விமானத்தோடு இறுகக் கட்டப்பட்டிருப்பவரின் மேல் அவருடைய எடையைப் போல் எட்டரை மடங்கு விசையே விழும். ஆரோக்கியமான மனிதன் இதைத் தாங்குவான். ஒரு மீட்டருக்குள் நின்றால் 25 மடங்கு. அதையும் நன்றாகக் கட்டப்பட்டவன் தாங்கக்கூடும். கட்டப்படாதவன் விஷயம் வேறு. விமானம் நின்ற பிறகும் அவன் அதே 22 மீட்டர் வேகத்தில் முன்னே சென்று கருவிப் பலகையில் மோதுகிறான். அங்கே அவன் நிற்பதற்கு நாலு விரற்கடை தூரமே கிடைக்கிறது. அப்போது விழும் விசை இருநூறு முந்நூறு மடங்காகிவிடும். அதைத் தாங்கும் தேகம் கிடையாது.

விந்தை என்னவென்றால், விமானத்தில் வார் வந்தது இந்தக் காரணத்துக்காக அன்று. 1910-ஆம் வருஷத்தில், சென்னைத் தீவுத் திடலில் டி ஏஞ்சலிஸ் என்பவர் தாமே திட்டமிட்டுச் செய்வித்த விமானத்தை ஜனங்களுக்குக் காட்டிய அதே வருஷத்தில், அமெரிக்கப் படையைச் சேர்ந்த பெஞ்சமின் ஃபுலாய் என்னும் அதிகாரி டெக்ஸாஸ் மாகாணத்தில் ரைட் சகோதரர்களின் விமானத்தை ஓட்டப் பழகிக் கொண்டிருந்தார். இருக்கையிலிருந்து தூக்கி எறியப்படாமல் இருக்க அவர் சேணம் தைப்பவரிடம் சொல்லி ஒரு தோல் வார் செய்வித்து, அதைக்கொண்டு தம்மைக் கட்டிக்கொண்டார். குதிரைக்கு உரிய வார் மனிதனுக்கு வந்து சேர்ந்த கதை இது. கீழே விழாமல் இருக்க வேண்டும் என்பதே அக்கால விமானிகளின் கவலை. அந்தக் கவலை வீணானதும் அன்று. 1912-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி, ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்த முதல் பெண்மணியாகிய ஹாரியட் க்விம்பி, பாஸ்டன் நகருக்கு அருகே தம்முடன் வந்த பிரயாணியோடு விமானத்திலிருந்து வெளியே வீசப்பட்டு மாண்டார்.

பெஸ்ஸி கோல்மன் என்னும் நீக்ரோ வீராங்கனையின் முடிவும் அத்தகையதே. நிறத்தின் காரணமாக அமெரிக்காவில் எந்தப் பள்ளியும் அவருக்கு விமானம் ஓட்டக் கற்றுக் கொடுக்க மறுத்தது. அவர் பிரெஞ்சு பாஷை படித்து, பிரான்ஸுக்குப் போய், 1921-இல் விமானிப் பட்டம் பெற்றுத் திரும்பினார். அவமதித்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேறென்ன உண்டு? 1926-ஆம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி ஜாக்ஸன்வில் நகரத்துக்கு மேலே ஒரு பழைய விமானத்தில் பறந்து கொண்டிருந்தார். மறுநாள் பாராசூட்டில் குதிப்பதற்கு ஏற்ற இடத்தை எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. உயரம் குறைந்தவராதலால் வாரைக் கட்டிக்கொள்ளவில்லை. எங்கோ கிடந்த ஒரு திருகு சாவி கட்டுப்பாட்டு யந்திரத்தில் சிக்கிக்கொள்ள, விமானம் குப்புறக் கவிழ்ந்தது. அவர் வெளியே விழுந்து உயிர் துறந்தார். அவ்வளவு தடைகளை வென்ற ஒருவரை ஒரு முழ வாரின் குறை கொண்டு போயிற்று.

முதல் உலகப் போரின்போது ஆங்கிலேயர் 'ஸட்டன்' வார் என்ற ஒன்றைக் கொண்டு வந்தார்கள். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு ஆக நாலு நாடாக்கள். அவற்றிலுள்ள துளைகளை ஒரே முளையில் கோத்து, ஓர் ஊசியைச் செருகிப் பூட்டிவிட வேண்டும். ஊசியை உருவினால் நாலும் ஒரே நொடியில் விடுபடும். டைகர் மாத் விமானத்திலும் இதே வார்தான். திறந்த விமானத்தில் குட்டிக்கரணம் போடுகிறவர் கீழே விழக் கூடாதல்லவா? பின்னர் கூரையும் கதவும் உள்ள சிறு விமானங்கள் வந்தன. "இதிலிருந்து விழ வழியே இல்லை, தோள் வார் எதற்கு?" என்று செய்தவர்கள் நினைத்தார்கள். பைப்பர் கப், ஏரோங்கா போன்ற அக்காலத்துச் சிறு விமானங்கள் ஆயிரக்கணக்கில் இடுப்பு வாரோடு மட்டும் வெளிவந்தன. விழாமல் இருப்பதற்கு இடுப்பு வார் போதும். மோதும்போது அது போதவில்லை. இடுப்பு இருந்த இடத்தில் இருக்க, அதற்கு மேலுள்ள உடல் பேனாக் கத்தி மடங்குவதைப் போல் மடங்கி, தலையும் மார்பும் கருவிப் பலகையில் போய் மோதின.

இந்த உண்மையை உலகம் உணர்வதற்கு ஒரு மனிதரின் பிடிவாதம் வேண்டியிருந்தது. ஹ்யூ டிஹேவன் என்னும் அமெரிக்க இளைஞர் முதல் உலகப் போர்க் காலத்தில் விமானப் பயிற்சியின்போது விபத்துக்குள்ளாகி, வயிற்றுக்குள் பலமான காயங்களுடன் பிழைத்தார். தம்மைக் காயப்படுத்தியது விபத்து மட்டும் அன்று, தாம் அணிந்திருந்த வாரின் கொக்கியுமே என்ற முடிவுக்கு வந்தார். மோதலில் சாவது விதி என்று மற்றவர்கள் சொல்லிக் கொண்டிருந்த காலத்தில், எதில் மோதினான், எவ்வளவு தூரத்தில் நின்றான் என்று அவர் கேட்கத் தொடங்கினார். உயரமான இடங்களிலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களின் கதைகளைச் சேகரித்தார். 1942-இல் கார்னல் சர்வகலாசாலையில் விபத்துக் காயங்களைப் பற்றிய ஆராய்ச்சியை ஏற்படுத்தினார். 1954-ஆம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி ஜான் ஸ்டாப் என்னும் படை வைத்தியர் ராக்கெட் பூட்டிய சறுக்கு வண்டியில் தம்மையே கட்டிக்கொண்டு, மணிக்கு ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வேகத்திலிருந்து 1.4 வினாடியில் நின்று காட்டினார். 46 மடங்கு விசை அவர் மேல் விழுந்தது. கண்களில் இரத்தம் கட்டிச் சிறிது நேரம் பார்வை மங்கியதே தவிர, உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. அதன் பிறகு நாற்பத்தைந்து வருஷ காலம் வாழ்ந்து 1999-இல் காலமானார். நன்றாகக் கட்டப்பட்ட மனித தேகம் நாம் நினைப்பதைவிட வலியது என்பதை இப்படித் தம் உடலைக் கொண்டே நிரூபித்தார் அந்தப் புண்ணியவான்.

அமெரிக்காவில் 1978-ஆம் வருஷம் ஜூலை 18-ந் தேதிக்குப் பிறகு செய்யப்படும் சிறு விமானங்களின் முன் இருக்கைகளில் தோள் வார் இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் வந்தது. 1986-ஆம் வருஷம் டிசம்பர் முதல் எல்லா இருக்கைகளுக்கும் அது விரிந்தது. இடையே 1985-இல் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையார் வெளியிட்ட ஆராய்ச்சியில், சிறு விமான விபத்துக்களில் மாண்டவர்களில் நூற்றுக்கு 20 பேர் தோள் வார் அணிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்றும், பலத்த காயமடைந்தவர்களில் நூற்றுக்கு 88 பேருக்குக் காயம் வெகுவாகக் குறைந்திருக்கும் என்றும் கண்டார்கள். ஆனால் சட்டத்துக்கு முன் பிறந்த விமானங்களைச் சட்டம் வற்புறுத்தவில்லை. அங்கே வாரைச் சேர்ப்பதும் சேர்க்காததும் உரிமையாளரின் விவேகத்தைப் பொறுத்தது.

விவேகம் உள்ளவர் எப்படிச் சேர்க்கிறார் என்பதையும் பார்ப்போம்.

முதலாவது, இருக்கும் வாரைச் சோதிப்பது. நம் வீடுகளில் நாடாக் கட்டில் உண்டு. பல வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்த நாடா, பார்வைக்கு முழுதாகவே தோன்றும். ஒரு நாள் கனமான விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் 'டர்' என்று கிழிந்துவிடும். விமானத்து நாடாவும் அப்படித்தான். பழைய பருத்தி நாடாவை ஈரமும் பூஞ்சையும் அரிக்கின்றன. நைலான் நாடாவை வெயில் அரிக்கிறது. நூல் பிரிந்திருந்தாலும், சாயம் வெளுத்திருந்தாலும், விறைத்துப் போயிருந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும். இக்காலத்தில் பெரும்பாலும் பாலியெஸ்டர் நாடா பயன்படுகிறது. நைலானைவிட இது குறைவாகவே நீளும் என்பது இதன் சிறப்பு. நீளும் வார், கட்டியவனைப் பலகைக்கு அருகில் கொண்டுபோய் விட்டுவிடும். கொக்கியையும் பார்க்க வேண்டும். நாடாவை உலோகப் பல் கடித்துப் பிடிக்கும் பழைய மாதிரி, நாடா தேய்ந்தால் நழுவக் கூடியது. உலோகத்தில் உலோகம் பூட்டிக்கொள்ளும் மாதிரியே நம்பத் தக்கது.

இரண்டாவதும் முக்கியமானதும், தோள் வாரை எங்கே கட்டுவது என்பது. புத்தம் புதிய வாரை உளுத்த மரத்தில் கட்டி என்ன பயன்? 77 கிலோ எடையுள்ள மனிதரை ஒன்பது மடங்கு விசைக்குத் தாங்க வேண்டுமென்பது அப்பழைய விமானங்களுக்கான கணக்கு. மொத்தம் 693 கிலோ. 75 கிலோ நெல் மூட்டைகள் ஒன்பதை ஒருசேரத் தொங்கவிட்டதற்குச் சற்று அதிகம். இதில் நூற்றுக்கு 60 பங்கை இடுப்பு வாரும் 40 பங்கை தோள் வாரும் ஏற்கும் என்று வைத்துக்கொண்டு, இணைப்பு இடங்களுக்கு மட்டும் மேலும் மூன்றிலொரு பங்கு பலம் கூட்டிச் செய்கிறார்கள். புஷ்பக் போன்ற குழாய் உடல் விமானங்களில், இருக்கைக்குப் பின்னால் மேலே குறுக்காக ஓடும் பலமான குழாயைத் தேடுவார்கள். அதில் துளை போடக் கூடாது. துளை போட்ட இடத்தில் குழாய் பலம் இழந்துவிடும். சுற்றிப் பிடிக்கும் பட்டையைப் போட்டு அதில் வாரைக் கோப்பது நல்ல வழி. பலமற்ற மெல்லிய குழாயில் கட்டுவதோ, கட்டாமல் விடுவதைக் காட்டிலும் மோசமாகலாம்; கட்டியிருக்கிறோம் என்ற பொய்யான தைரியத்தை அது உண்டாக்குகிறது.

மூன்றாவது, கோணம். தோளிலிருந்து வார் பின்பக்கமாக ஏறக்குறைய மட்டமாகவோ சற்று மேல் நோக்கியோ செல்ல வேண்டும். கிடைமட்டத்துக்கு மேல் 30 பாகை வரையில் சரி. கீழே 5 பாகைக்கு மேல் இறங்கலாகாது. இருக்கைக்குப் பின்னால் தரையில் கட்டினால் என்ன ஆகும்? உடல் முன்னே பாயும்போது வார் தோளைக் கீழ் நோக்கி அழுத்தும், முதுகெலும்பு நசுங்கும். காப்பாற்ற வந்த வாரே முதுகை முறித்த கதையாகும். இடுப்பு வாரும் வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் படிய வேண்டும். 45 முதல் 55 பாகை வரையில் சாய்ந்து பின்னே செல்ல வேண்டும். தளர்வாகக் கட்டினால், தோள் வார் அதை மேலே இழுத்துவிட, உடல் அதற்கடியில் வழுக்கிக்கொண்டு போகும். டிஹேவனுக்கு நேர்ந்தது போன்ற வயிற்றுக் காயம் அப்போதுதான் உண்டாகிறது.

நாலாவது, கை எட்டுவது. தோளை இறுகக் கட்டிவிட்டால், தரைக்கு அருகே இருக்கும் பெட்ரோல் திருகைத் திறக்கவும் மூடவும் விமானியின் கை எட்டாமற் போகலாம். ஓர் அபாயத்தைத் தவிர்க்க மற்றோர் அபாயத்தை வரவழைப்பதாக இது முடியக் கூடாது. இதற்காக ஏற்பட்டதே தானாகச் சுருட்டிக்கொள்ளும் உருளை. மெதுவாக இழுத்தால் நாடா தாராளமாக வரும். வெடுக்கென்று இழுபட்டால் பூட்டிக்கொள்ளும். எந்த உருளை, எந்த வார் என்பதை வாங்குகிறவர் தம் இஷ்டப்படி தீர்மானிப்பதற்கில்லை. அங்கீகாரம் பெற்ற பொருளாக இருக்க வேண்டும். உரிமம் பெற்ற விமானப் பராமரிப்பு இஞ்சினீயர் பொருத்திப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். நம் தேசத்தில் விமானத்தின் அமைப்பில் மாறுதல் செய்வது சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அவர்களின் விதிகளுக்கு உட்பட்டது. மோட்டார் கடையில் கிடைத்த வாரைக் கொண்டுவந்து மாட்டிவிடும் வேலை அல்ல இது.

இவ்வளவும் சொன்ன பிறகும் மறுப்புச் சொல்வோர் உண்டு. "முப்பது வருஷமாக இப்படியே பறக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். ஆகாதவர்கள்தான் அப்படிச் சொல்ல மிஞ்சியிருக்கிறார்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மற்றொரு மறுப்பு கௌரவமானது. அதற்கு நாம் மரியாதை செலுத்துகிறோம். "பழம் பொருள் என்றால் பழையபடியே இருக்க வேண்டும். இன்றைக்கு வார், நாளைக்கு இஞ்சின், மறுநாள் இறக்கை என்று மாற்றிக்கொண்டே போனால், மிஞ்சுவது பெயர்ப் பலகைதானே?" என்கிறார்கள். பழைய கோயிற் சுவர்களில் கல்வெட்டுக்களை மறைத்து வெள்ளையடிக்கும் அறியாமையைப் பார்த்து மனம் நொந்தவர்கள் நாம். புதுப்பித்தல் என்ற பெயரால் பழமையைக் கொலை செய்வதை நாம் ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம்.

ஆனால் காட்சிசாலையில் நிற்கும் விமானத்துக்கும் பறக்கும் விமானத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. காட்சிசாலையில் நிற்பதற்கு ஒரு நூலைக்கூட மாற்ற வேண்டாம். பறப்பது என்றாலோ அதில் ஓர் உயிர் ஏறுகிறது. பெரும்பாலும் இரண்டு உயிர்கள் ஏறுகின்றன. பக்கத்தில் உட்காருகிறவர் விமானியின் மகளாக இருக்கலாம். பறந்து பார்க்கும் ஆசையுடன் வந்த பள்ளிக்கூட நண்பராக இருக்கலாம். கருவிப் பலகையின் அழகைக் குலைக்காமல், இருக்கைக்குப் பின்னால் இருக்கும் குழாயில், வேண்டும்போது கழற்றிவிடக் கூடிய ஒரு பட்டையைப் பொருத்துவதனால் எந்தப் பழமை அழிந்துவிடும்?

இதற்கு நம் நாட்டிலேயே வழிகாட்டி இருக்கிறது. திருவாரூர் ஆழித் தேரைவிடப் பழம் பெருமை வாய்ந்த வாகனம் தமிழ்நாட்டில் எது? அந்தத் தேருக்கு திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்பு அச்சும் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்தார்கள். அதனால் தியாகராஜப் பெருமானின் தேர் தேராக இல்லாமற் போய்விட்டதா? மரச் சிற்பங்கள் மறைந்துவிட்டனவா? வடம் பிடிப்பவர்களின் பக்தி குறைந்ததா? ஒன்றும் இல்லை. முன்னைவிட அச்சமின்றி ஜனங்கள் வடம் பிடிக்கிறார்கள். மேலே உள்ள அலங்காரத்தைத் தொடாமல், கீழே உள்ள அபாயத்தை மட்டும் நீக்கிய அந்த விவேகத்தையே பழைய விமானம் வைத்திருப்போருக்கும் நாம் சிபாரிசு செய்கிறோம்.

இனி நம் ஊர்ச் சாலைக்கு வருவோம். ஆகாயத்தில் கற்ற பாடம் தரைக்கு இறங்கிய வரலாறு சுவையானது. விமானத்திலிருந்து விமானியை வெளியே எறிந்து காப்பாற்றும் இருக்கைகளைச் செய்து பழகிய நில்ஸ் போலின் என்னும் ஸ்வீடன் தேசத்து இஞ்சினீயர், வால்வோ மோட்டார் கம்பெனியில் சேர்ந்து, 1959-இல் தோளையும் இடுப்பையும் ஒரே நாடாவால் பிடிக்கும் மூன்று முனை வாரை உருவாக்கினார். அக்கம்பெனியார் அதன் உரிமையைத் தாங்களே வைத்துக்கொண்டு பணம் பண்ணாமல், மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். இன்று நம் வீட்டு மோட்டாரில் 'ஸீட் பெல்ட்' என்று நாம் அலட்சியமாக ஒதுக்கித் தள்ளுவது அந்த வார்தான்.

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர், செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில், மணிக்கு 80 கிலோ மீட்டர் என்பது இப்போது வெகு சாதாரண வேகம். மேலே விமானத்துக்குப் போட்ட கணக்கு அத்தனையும் அப்படியே இந்தச் சாலைக்கும் பொருந்தும். ஆனால் நாம் செய்வது என்ன? முன் இருக்கையில் இருப்பவர் போலீஸ்காரர் கண்ணில் படும் வரையில் வாரைப் போடுகிறார். பின் இருக்கையில் உட்காருகிறவர்களோ அது தங்களுக்கு உரியதன்று என்றே நினைக்கிறார்கள். சட்டம் பின் இருக்கைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது. 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி அபராதம் ஆயிரம் ரூபாய். 2022-ஆம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி, டாட்டா நிறுவனங்களின் தலைவராக முன்னர் விளங்கிய சைரஸ் மிஸ்திரி அவர்கள் பால்கர் அருகே மோட்டார் விபத்தில் மாண்டார். உயர்ந்த ரக வண்டி. மாண்ட இருவரும் பின் இருக்கையில் வார் அணியாமல் இருந்தவர்கள். முன்னே வார் அணிந்திருந்த இருவரும் பலத்த காயத்துடன் பிழைத்தார்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையை மடியில் வைத்து இறுகப் பிடித்துக் கொண்டால் போதும் என்று நம்புகிறோம். தாயின் அன்புக்கு அளவில்லை. ஆனால் கையின் பலத்துக்கு அளவு உண்டு. வண்டி ஒரு மீட்டர் தூரத்தில் நின்றால், பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை அந்த ஒரு கணத்தில் 250 கிலோ எடையாகக் கையைப் பிய்த்துக்கொண்டு போகும். எந்த பலசாலியாலும் அதைப் பிடிக்க முடியாது. சிறு குழந்தைக்கென்று தனி இருக்கை உண்டு. அதை வண்டியோடு பூட்டி, குழந்தையை அதில் கட்டுவதே முறை. பெரியவர்கள் வாரை வயிற்றின் மேல் போடாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்த்திப் போட வேண்டும். கர்ப்பிணிப் பெண்களும் வயிற்றுக்குக் கீழே அவ்வாறே அணிய வேண்டும். தோள் பட்டையைக் கக்கத்துக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ தள்ளிவிடுவது, அதை அணியாததற்குச் சமம். அப்படிச் செய்கிறவர் 1938-ஆம் வருஷத்துப் பைப்பர் கப் விமானத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

எண்பது வயதான விமானத்துக்கு அதன் சொந்தக்காரர் குழாயைச் சோதித்து, கோணம் பார்த்து, அதிகாரிகளின் அனுமதி பெற்று ஒரு தோள் வாரைப் பொருத்துகிறார். அதற்கு அவருக்குப் பல மாதங்கள் பிடிக்கலாம். கை நிறையப் பணமும் செலவாகலாம். நமக்கோ அந்த வார், வண்டி வாங்கிய நாளிலேயே, நாலு பக்கமும் பொருத்தப்பட்டுக் காத்துக் கொண்டிருக்கிறது. அதை இழுத்து மாட்ட மூன்று வினாடி போதும். வரும் கார்த்திகை தீபத்துக்குக் குடும்பத்தோடு அண்ணாமலைக்கு மோட்டாரில் புறப்படும் நேயர்கள், வண்டி தெருவைத் தாண்டுவதற்கு முன், பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்து, பாட்டி முதல் பேத்தி வரை எல்லோரும் கட்டிக்கொண்டாயிற்றா என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும் என்று விரும்புகிறோம்.